ரசீது மூட்டைக்குள் இருக்கிறது

சரக்கை அனுப்புகிறவர் ஓர் ஊரிலும் வாங்குகிறவர் இன்னோர் ஊரிலும் நிம்மதியாக இருக்க, நடுவில் இருக்கிற ஒருவன் இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவதற்குப் பெயர்தான் லாரி சர்வீஸ். இதைப் படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதாவது ஒரு பார்சல் ஆபீஸில் கால் கடுக்க நின்றவர்களாகத்தான் இருப்பீர்கள். நானும் நின்றவன்தான். நீங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கால்வலி இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துக்கு அப்போது ரயில் கிடையாது. கிழக்கே போனால் திருநெல்வேலி, மேற்கே போனால் திருவனந்தபுரம், அங்கேதான் ரயிலைக் கண்ணால் பார்க்கலாம். இடையில் உள்ள எங்களுக்குத் தீப்பெட்டியிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாம் மாட்டு வண்டியில்தான் வந்து சேரும். எங்கள் முதலாளிக்குக் கோட்டாறில் பதினான்கு வண்டிகள் இருந்தன. நான் அங்கே சரக்குக் குறிப்பு எழுதுகிற ஆள். பத்தாம் வகுப்பில் தோற்றவன், மூன்று பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும்.

கரி தின்ற லாரி

சுதந்திரம் வந்த வருஷம், பட்டாளத்தார் கழித்துப் போட்ட லாரி ஒன்றை முதலாளி ஏலத்தில் எடுத்து வந்தார். பெட்ரோல் கிடைக்காத காலம். அதனால் லாரிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பைப் பொருத்தியிருந்தார்கள். அதில் கரியைக் கொட்டி, காற்றாடியைச் சுற்றி, அரைமணி நேரம் புகைய விட்டால் லாரி புறப்பட மனசு வைக்கும். முதல் ஓட்டத்துக்குத் தேங்காய் உடைத்தோம், எலுமிச்சம்பழம் நசுக்கினோம். காலையில் திருநெல்வேலி போய்ச் சரக்கு ஏற்றி, மறுநாள் காலையில் கோட்டாறு திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

திரும்புகிற வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் லாரி நின்றுவிட்டது. அங்கே வீசுகிற காற்று உங்களுக்குத் தெரியும், வேட்டியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தக் காற்றுக்கு அடுப்பு எரிகிற திசையை மாற்றிக்கொண்டது என்று டிரைவர் சொன்னார். எங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே திருநெல்வேலியிலிருந்து கிளம்பியிருந்த தாணுவின் மாட்டு வண்டி, பின்னால் பைய வந்து சேர்ந்தது. தாணு எங்கள் பதினான்கு வண்டிக்காரர்களில் மூத்தவர். அவிழ்த்து, பூட்டி, கயிறு கட்டி, அவருடைய காளைகள்தான் லாரியை மேடு ஏற்றிவிட்டன. லாரிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டிரைவரும், பக்கத்தில் முதலாளியும் உட்கார்ந்திருந்தார்கள். இறக்கம் வந்ததும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே தாணு சொன்னது:

"மொதலாளி, ரண்டாவது லாரி வாங்கும்போ ஒரு சோடி காளையும் சேத்து வாங்கிக்கிடும்."

குடை வியாபாரி நனைந்து வந்தது

நாளடைவில் பெட்ரோல் வந்தது, அடுப்பைக் கழற்றி எறிந்தோம், லாரி ஒழுங்காக ஓடியது. இரண்டு இரவும் ஒரு பகலுமாக வந்துகொண்டிருந்த சரக்கு அரைநாளில் வந்தது. முதலாளி வண்டிகளை ஒவ்வொன்றாக விற்றார். தாணு தன் வண்டியைத் தானே வாங்கிக்கொண்டு, எங்கள் ஆபீஸ் வாசலிலேயே நின்று உள்ளூர் வாடகைக்கு ஓட்டினார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வண்டிக்காரன் சரக்கை வீட்டு வாசலில் கொண்டு வந்து இறக்குவான். ஆள் இல்லையென்றால் அடுத்த வீட்டில் சொல்லி வைப்பான், தண்ணீர் வாங்கிக் குடிப்பான், திருநெல்வேலியில் மழை உண்டா என்று சொல்லிவிட்டுப் போவான். லாரி வந்து எங்கள் கிட்டங்கியில், அதாவது ஆபீஸை ஒட்டிய சரக்கறையில், மூட்டைகளைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும். வாங்குகிறவர்தான் வந்து எடுக்க வேண்டும்.

குலசேகரத்தில் ஒரு குடை வியாபாரி. வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை பிடிப்பதற்கு முன்னால் விற்றுவிடலாம் என்று பம்பாயிலிருந்து நாலு பெட்டி குடை வரவழைத்திருந்தார். பெட்டிகள் கிட்டங்கியில் வந்து உட்கார்ந்தன. அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மழை பிடித்தது. பதினொரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்துக் கோட்டாறில் இறங்கி, தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட எங்கள் ஆபீஸுக்குள் வந்தார். அவருடைய குடைகள் நாலு பெட்டியும் நல்ல ஈரமில்லாத இடத்தில் இருந்ததைக் காட்டினேன். அவருக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் ஏற்படவில்லை.

"பதினாலு வருசமாட்டு தாணு எங்க முற்றத்திலதான் இறக்குவான். உங்க லாரிக்கு மட்டும் எங்க வீடு அறியாதோ?" என்று கேட்டார்.

போர்டு

எனக்கு முன்னால் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நல்ல மனிதர். யார் வந்து என்ன சொன்னாலும் நம்புவார். ஒரு நாள் ஒருவர் வந்து, துணிக்கடையிலிருந்து வருகிறேன், மூட்டையைக் கொடுங்கள் என்றார். பளபளவென்று சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் வெற்றிலைப் பெட்டி. கொடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் துணிக்கடைக்காரர் வந்தார். அவருக்குச் சட்டை சுமார்தான், ஆனால் ரசீது வைத்திருந்தார்.

அன்று மாலையே அந்த நல்ல மனிதர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மறுநாள் முதலாளி தன் கையாலேயே ஒரு பலகையில் எழுதி ஆணியில் மாட்டினார்: 'ரசீது இல்லாமல் சரக்கு கிடையாது. கொடுத்தவருக்கு வேலை கிடையாது.' கிட்டங்கிச் சாவியை என்னிடம் கொடுத்து நாற்காலியைக் காட்டினார். உட்காரும்போது எனக்கு நாற்காலி தெரியவில்லை, பலகைதான் தெரிந்தது. அந்த வேலை போனால் மூன்று பெண்களையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன் என்று அவருக்கும் தெரியும். போகும்போது சொன்னார்:

"மூஞ்சியைப் பாக்காதயும் வே. பேப்பரைப் பாரும்."

பத்திரம்

வண்டிக் காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி, சாக்கின் வாய்க்குள் வைத்து, கோணூசியால் தைத்துவிடுவார்கள். வாங்குகிறவர் வீட்டில் பிரித்து, சீட்டைப் பார்த்து, சரக்கைச் சரிபார்த்துக்கொள்வார். வழியில் யாரும் சீட்டை மாற்ற முடியாது, மழையில் நனையாது, தொலையாது. இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள்.

லாரி வந்து, வாங்குகிறவருக்குத் தபாலில் அனுப்புவதற்கென்று ரசீது ஒன்றை அனுப்புகிறவர் கையில் கொடுத்ததும் அதையும் அங்கேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். மூட்டையை வாங்க ரசீது வேண்டும். ரசீதை எடுக்க மூட்டை வேண்டும். சுக்கு மூட்டைக்குள் ரசீது, வெல்லச் சிப்பத்துக்குள் ரசீது, ஒருமுறை ஊறுகாய்ப் பரணிக்குள்ளேயே ரசீது. சரக்கை ஏற்றும்போது மூட்டையின் வாய் தைத்துத்தான் வரும், ரசீது எழுதின பிறகு அதைப் பிரித்து உள்ளே வைத்து மறுபடி தைப்பதற்குத் திருநெல்வேலி ஆபீஸ் வாசலில் ஊசியோடு ஒருவர் கடையே போட்டிருந்தார். அவருக்கு நல்ல வியாபாரம் என்று கேள்வி.

இப்படி வருகிறவர்களுக்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். அனுப்பினவரிடமிருந்து கையெழுத்து வாங்கி, திருநெல்வேலி ஆபீஸுக்குக் கொடுத்து, அங்கிருந்து மறுரசீது எழுதி வரவழைப்பது. ஒரு வாரம் ஆகும், பத்து நாளும் ஆகும். இரணியலில் இருந்து வந்த ஒரு சுக்கு வியாபாரிக்கு இதை விளக்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நான் படிப்பில்லாதவன் என்று நினைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

"சீட்டும் சரக்கும் ஒண்ணாட்டு வந்தாத்தானே ஒண்ணுக்கு ஒண்ணு சாட்சி? வேற வேற வந்தா எதை நம்புவீரு?"

முத்திரை இல்லாத புகையிலை

ஆரல்வாய்மொழியில் ஒரு சௌக்கை இருந்தது. திருவிதாங்கூருக்குள் நுழைகிற சரக்கையெல்லாம் நிறுத்தி, கம்பியால் குத்திப் பார்த்து, தீர்வை போட்டு, சிவப்பு மையில் முத்திரை குத்தி விடுவார்கள். நாடு ஒன்றானதும் சௌக்கையை எடுத்துவிட்டார்கள். எங்கள் டிரைவர் அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அந்த இடத்தில் லாரியை நிறுத்தி, இறங்கி, யாரையும் காணாமல் ஏறி வந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு, கால் தானாகவே பிரேக்கில் போகிறது என்றார்.

அந்த நாட்களில் புகையிலைக் கடைக்காரர் ஒருவர் வந்தார். அதிசயமாக, கையில் ரசீது. எழுந்து நின்று வரவேற்றேன். சிப்பங்களை வெளியே எடுத்துப் போட்டோம். அவர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார், பிறகு வேண்டாம் என்றார். எதிலும் முத்திரை இல்லையாம். சௌக்கையே இல்லை, யார் முத்திரை போடுவார்கள் என்று அரைமணி நேரம் சொன்னேன். அப்படியானால் சௌக்கை இல்லை என்று சர்க்கார் எழுதிக் கொடுத்து அதில் ஒரு முத்திரை போடட்டும் என்றார். ரசீது இல்லாதவர்கள் சரக்கைக் கேட்டு நிற்க, ரசீது உள்ளவர் வேண்டாம் என்று நிற்க, இந்த வேலையை யார் என் தலையில் கட்டினார்கள் என்று ஆயாசமாக இருந்தது. அவர் மட்டும் நிதானமாகச் சொன்னார்:

"சர்க்காரு குத்தாத பொகையிலையை எவன் வே வாங்குவான்? களவாண்டு கொண்டு வந்ததுன்னுல்லா சொல்லுவான்."

ஒரு ஆள், ஒரு கைத்தடி

மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காட்டுக்கு லாரி போகும். வளையல், பாத்திரம், பொரி என்று கடைச் சரக்கு. பஸ்ஸில் இடம் கிடைக்காத ஒரு பெரியவர் எங்களிடம் வந்து, தன்னைச் சரக்காகப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். கைத்தடியோடு தராசில் ஏறி நின்று எடையும் காட்டினார். ஆட்களை ஏற்றுவதற்கு அனுமதி இல்லை என்றேன். ஆளாக ஏற்ற வேண்டாம், மூட்டையாக ஏற்றினால் போதும், வழியில் பேசமாட்டேன் என்றார்.

மூட்டையென்றால் இறங்குகிற இடத்தில் ரசீது காட்டித்தான் எடுக்க வேண்டும், உங்களை யார் வந்து எடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"சீட்டை எங்கிட்டயே தாரும். நானே என்னை வாங்கிக்கிடுதேன்."

நூல் மூட்டை

இதுவரை சிரித்தீர்கள். இதற்கு நானே சிரித்ததில்லை.

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடற்கரையில் இருந்து சூசையம்மாள் வருவார். ஐம்பது வயது இருக்கும். கருவாட்டுக் கூடைகளை எங்கள் லாரியில் ஏற்றித் திருநெல்வேலிச் சந்தைக்கு அனுப்புகிறவர். நாலைந்து வருஷமாக வாரம் ஒருமுறை பார்க்கிற முகம். வந்தால் என் பிள்ளைகள் மூன்றையும் பெயர் சொல்லி விசாரிப்பார். தூத்துக்குடியில் இருந்த தம்பி அவருக்கு வலை பின்னுகிற பருத்தி நூல் ஒரு மூட்டை அனுப்பியிருந்தான். அவர் வீட்டில் சாளை மீன் பிடிக்கிற வலை கிழிந்து கிடந்தது, சாளை வருகிற பருவம் தொடங்கிவிட்டது. தம்பி தபாலில் எழுதியிருந்த கடிதத்தை என் முன்னால் விரித்து வைத்தார். 'ரசீதை நூலுக்கு மேலேயே பத்திரமாக வைத்துத் தைத்திருக்கிறேன்' என்று அதில் இருந்தது. மூட்டை எனக்குப் பின்னால் கிட்டங்கியில் இருந்தது. அதன்மேல் அவர் பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

நான் பலகையைப் பார்த்தேன். மறுரசீதுக்கு எழுதிப் போடுகிறேன் என்று சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை, நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். புரிந்ததும் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலாம் நாள் வந்தார். சாளை கரையோரமே வருகிறது, மற்ற கட்டுமரங்களெல்லாம் இரண்டு நடை போய்விட்டு வருகின்றன, எங்கள் மரம் மட்டும் மணலில் கிடக்கிறது என்றார். மூட்டையை என் முன்னாலேயே பிரிக்கச் சொன்னார், ரசீதை எடுத்து என் கையில் தந்துவிட்டுப் பிறகு நூலை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நியாயமான யோசனைதான். ஆனால் கொடுக்காத சரக்கைப் பிரித்தாலும் வேலை போகும். முதலாளியிடம் போய்க் கேட்டேன். இன்றைக்கு இந்த அம்மாளுக்குப் பிரித்தால் நாளைக்கு ஊர் முழுக்கப் பிரிக்க வேண்டும் என்றார். ஏழாம் நாள் சூசையம்மாளின் புருஷன் வந்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. அன்று வீட்டில் சாளைக் குழம்பு. நான் மோரை ஊற்றச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் மறுரசீது வந்தது. சூசையம்மாளுக்குச் சொல்லி அனுப்பி, மூட்டையை எடுத்து வைத்தேன். அவர் அங்கேயே உட்கார்ந்து அரிவாளால் தையலை அறுத்தார். ரசீது மேலேயே இருந்தது, ஓலையில் சுற்றி, நூல் கட்டி, ஒரு சுருக்கம் கூட இல்லாமல். நான் குனிந்து பதிவேட்டைப் புரட்டினேன். சாளை என்ன ஆயிற்று என்று தாணு கேட்டார். முந்தாநாளோடு போய்விட்டது என்றார் சூசையம்மாள். பிறகு அந்த ரசீதை எடுத்து, என் மேஜைமேல் வைத்து, கையால் நீவிவிட்டார்.

"இந்தா மக்கா, நீ கேட்ட சீட்டு."

முதலாளியின் மூட்டை

நாலைந்து மாதம் கழித்து முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை உட்பட எல்லாத் துணியையும் மதுரையில் இருந்த மைத்துனர் எடுத்து, திருநெல்வேலி வழியாக எங்கள் லாரியிலேயே போட்டிருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மத்தியானம், முதலாளியும் அவர் சம்சாரமும் ஆபீஸுக்கு வந்தார்கள். முதலாளி நாற்காலியில் சாய்ந்து, மூட்டையை எடுத்து வாரும் வே என்றார். ரசீது என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து மைத்துனரின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ரசீது முகூர்த்தப் புடவைக்கு மேலேயே இருக்கிறதாம், பத்திரமாக.

என்னை வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பிள்ளைகளும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆனால் ஓலை சுற்றிய அந்த ரசீது நாலைந்து மாதமாக என் மேஜை டிராயரில்தான் கிடந்தது, எறிய மனசு வரவில்லை. மறுரசீதுக்கு எழுதிப் போடட்டுமா, ஒன்பது நாள் ஆகும் என்று கேட்டேன். முதலாளி முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"இது என் ஆபீஸு வே" என்றார்.

"போர்டும் உங்க கையெழுத்துதான் மொதலாளி" என்றேன்.

சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எடுத்துக்கொண்டால் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன், அல்லது சொன்னதாக நினைவு. சம்சாரம் அவரைப் பார்த்தார். முதலாளி சாவியைப் பார்த்தார். அந்தக் கடற்கரை அம்மாளுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டார். ஒன்பது என்றேன். அதற்குள் அங்கே என்ன போயிற்று என்று கேட்டார். ஒரு பருவத்துச் சாளை என்றேன். சாவியை என் பக்கம் தள்ளினார். பிறகு எழுந்து, பலகையைக் கழற்றித் திருப்பி, பின்பக்கம் சாக்குக்கட்டியால் எழுதினார்: 'ரசீது இல்லாவிட்டால், ஆளைத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் போதும்.' அதை மாட்டிவிட்டு, இப்போது சரியா என்றார். சரி, ஆனால் சாட்சி வேண்டும், ஆபீஸ் ஆள் போடக்கூடாது என்றேன். வாசலில் நின்ற தாணுவைக் கூப்பிட்டார். என்னைத் தெரியும் என்று சொல்லி ஒரு கைநாட்டு வை என்றார். தாணு உள்ளே வந்து, முதலாளியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். கட்டைவிரலை மைப்பெட்டியில் அமுக்கிக்கொண்டே சொன்னார்:

"பதினாலு வண்டி இருக்கும்போ நல்லாத் தெரியும், மொதலாளி."

மறு பருவம்

எங்கள் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிறது என்று கோட்டாறு முழுக்கப் பேச்சாக இருந்த சமயம். புது விதி வந்த பிறகு ஆபீஸில் சண்டை குறைந்திருந்தது. தாணு நாளைக்கு ஏழெட்டுப் பேருக்குச் சாட்சிக் கைநாட்டு வைத்து, கட்டைவிரல் நீலமாகவே திரிந்தார். அந்தச் சரக்குகளையும் அவரே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வாசலில் இறக்கினார். சூசையம்மாள் அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு எங்கள் லாரியில் கருவாடு போடுவதை விட்டுவிட்டார். பஸ்ஸின் மேலே ஏற்றிவிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. 

அந்தப் பருவத்துக்கு அவர் பெயருக்கு மறுபடியும் தூத்துக்குடியிலிருந்து நூல் மூட்டை ஒன்று வந்தது. வந்த அன்றே அவரும் வந்தார். நான் எழுந்து ஓடினேன். ரசீதெல்லாம் வேண்டாம், இப்போது சட்டம் மாறிவிட்டது, உங்களை எனக்குத் தெரியாதா, எடுத்துக்கொண்டு போங்கள் என்று மூட்டையை நானே தூக்கி வந்து வைத்தேன். தாணுவும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு தயாராக வந்தார். சூசையம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ரசீதை எடுத்தார். தம்பி அதைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருந்தான். மேஜைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. கேட்கிற மாதிரியும் இல்லை, சொல்கிற மாதிரிதான் இருந்தது.

"போன வருசமும் என்னைத் தெரியும்லா மக்கா."

கோட்டாறுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் இருந்த ஐம்பது மைலை லாரி அரைநாளில் கடந்துவிட்டது, எங்கள் கிட்டங்கிக் கதவுக்கும் மேஜைக்கும் நடுவில் இருந்த பத்தடியைக் கடக்கத்தான் சரக்குக்கு எட்டு வருஷம் பிடித்தது.